முறிந்த ஆணியும் பொறுமையுள்ள கையும்



பழைய கார் எஞ்சினைப் பிரித்து, அதன் உறுப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் முறையைச் சென்ற இதழில் கூறினோம். அதனைப் படித்த பேத்தமங்களா அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தம் தந்தையார் காலத்து அம்பாசிடரைப் பிரிக்கையில், புகை வெளியேறும் மேனிபோல்டைப் பிடித்திருந்த ஸ்டட்டு ஒன்று ஹெட்டோடு ஒட்ட முறிந்துவிட்டதாம். பட்டறைக்காரர் துளையைப் பார்த்துவிட்டு, "இனி இந்த ஹெட்டு உதவாது, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று கூறிவிட்டாராம். அன்பரே, வண்டியை விற்றுவிட வேண்டாம். முறிந்திருப்பது விரல் பருமன்கூட இல்லாத ஓர் ஆணி. அதனை வெளியே எடுக்க வழிகள் உண்டு. எடுக்கும் அவசரத்தில்தான் பெரும்பாலான ஹெட்டுகள் கெட்டுப்போகின்றன.

முதலில் அது ஏன் முறிந்தது என்பதைப் பார்ப்போம். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. ஸ்டட்டு என்பது இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத எஃகு ஆணி. வண்டி ஓடும்போது அவ்விடம் கடுமையாகச் சூடேறுகிறது, நின்றபின் குளிர்கிறது. பல்லாண்டுகள் இவ்வாறு சூடேறிக் குளிர்கையில் மரையின் இடுக்கில் துரு படிகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆப்பு அறைந்தாற்போல் ஆணி இறுகிவிடுகிறது. அந்நிலையில் நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டி ஒரே மூச்சில் இழுத்தால், மரை இளகுமுன் ஆணி முறிகிறது.

முறியுமுன் ஆணி ஓர் எச்சரிக்கை தருவதுண்டு. ஸ்பானர் திரும்புகிறது, ஆனால் மரை கழல்வதுபோல் தோன்றாமல், கைக்கு ரப்பரை முறுக்குவதுபோல் இருக்கிறது. அக்கணமே நிறுத்திவிட வேண்டும். மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு, ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் ஆணியின் முனையில் சிறு சுத்தியலால் மெல்லப் பலமுறை தட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.

முறிந்தே விட்டதென்றால், எங்கே முறிந்தது என்பதைப் பொறுத்து வழி அமையும்.

ஆணி சிறிது வெளியே நீண்டிருந்தால் வேலை எளிது. சுற்றியுள்ள வார்ப்பிரும்பைச் சூடாக்கி, மெழுகுவத்தியை ஆணியின் அடியில் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் இழுக்கப்படும். பின்னர் பிடிகுறட்டால் பற்றித் திருப்பலாம். சூடாக்குமுன் பெட்ரோல், எண்ணெய்த் துணி முதலியவற்றை அப்புறப்படுத்துதல் வேண்டும். ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி வைத்திருப்போர் இவ்விடத்தில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அவற்றின் ஹெட்டு அலுமினியம். இரும்பைப்போல் சிவந்து காட்டாமலே அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகிவிடும்.

ஆணி ஹெட்டின் மட்டத்தோடு முறிந்திருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உட்புறத்தை ஆணியோடு வெல்டிங் செய்துவிடலாம். இதனால் இரு நன்மைகள். திருப்புவதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. வெல்டிங்கின் சூடே துருப்பிடிப்பையும் தளர்த்துகிறது. செந்நிறம் அடங்கியபின், வெதுவெதுப்பு இருக்கும்போதே மெல்லத் திருப்ப வேண்டும். முதல் நட்டு ஒடிந்து வந்தால் இரண்டாவது, மூன்றாவது என்று முயலலாம்.

மட்டத்துக்குக் கீழே முறிந்திருந்தால் துளையிட வேண்டியதுதான். இங்கேதான் கைத்திறன் தேவைப்படும். ஆணியின் நட்டநடுவில் பஞ்சால் குறியிட வேண்டும். குறி ஒரு நூலளவு விலகினாலும், தமர் மெதுவான வார்ப்பிரும்பின் பக்கம் ஓடி மரையைத் தின்றுவிடும். ஆதலின் தேர்ந்த பிட்டர்கள் வெறுங்கையால் துளையிடுவதில்லை. மேனிபோல்டின் துளையில் சரியாகப் பொருந்தும் ஓர் எஃகுக் குழலை லேத்தில் கடைந்து, அக்குழல் வழியே தமரைச் செலுத்துவர்; அப்போது அது நடுவை விட்டு விலக இயலாது. முதலில் சிறு துளை, பின்னர் சற்றுப் பெரியது என்று போக வேண்டும். இடப்பக்கம் சுழலும் தமர் கிடைத்தால் இன்னும் நன்று. துளையிடும்போதே ஆணி கழன்று வந்துவிடுவதுண்டு.

அடுத்து ஈஸி அவுட் என்னும் கருவி. பெயருக்கேற்ப எளிது என்று நம்பி இதனை முரட்டுத்தனமாக முறுக்குவோர் பலர். அது மிகக் கடினமாகப் பதமிடப்பட்ட எஃகு. துளைக்குள் அது ஒடிந்துவிட்டால் சாதாரணத் தமர் அதன்மேல் ஏறாது. பிறகு மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் எந்திரமுள்ள பட்டறைக்கு ஹெட்டைச் சுமந்து செல்ல நேரும். எனவே இரு விரல் பலத்துக்கு மேல் அது கேட்டால் விட்டுவிட வேண்டும். துளையை மரையின் அளவுவரை சிறுகச் சிறுகப் பெரிதாக்கி, எஞ்சிய சுருளைக் கூரிய ஊசியால் கிள்ளி எடுத்து, டாப்பு போட்டு மரையைத் துப்புரவு செய்வதே நல்ல வழி.

டாப்பு வாங்கும்போது ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் மரைக்கு முதன்முதலாக ஒரு பொது அளவை வகுத்தார். இங்கிலாந்தின் மரையும் அமெரிக்காவின் மரையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இரண்டாம் உலகப்போரில் பெரும் தொல்லை ஏற்பட்டது. 1948இல் அவ்விரு நாடுகளும் கனடாவும் கூடி ஒரே மரையை ஏற்றுக்கொண்டன. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடரின் பழைய எஞ்சினில் அந்த அங்குல மரை உண்டு. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மெட்ரிக். 5/16 அங்குல ஆணியின் பருமன் 7.94 மி.மீ.; மெட்ரிக் ஆணி 8 மி.மீ. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அங்குல நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்றுகள், 8 மி.மீ. ஆணியிலோ ஏறக்குறைய 20 சுற்றுகளே. இரண்டு சுற்று இலகுவாக ஏறும். மூன்றாவதில் மரையைக் கிழிக்கும். மரை அளவியை வைத்துப் பார்த்தபின்னரே டாப்பைத் தொடுக.

மரை முழுதும் கெட்டிருந்தாலும் வழி உண்டு. துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருளைப் பதித்தால் பழைய அளவு ஆணியே பொருந்தும். புதிய ஸ்டட்டைப் போடும்போது செம்புப் பசை தடவி, பித்தளை நட்டு போடுங்கள். பித்தளை துருப்பிடிக்காது; அடுத்த முறை பிரிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

ஓர் ஆணிக்கு இவ்வளவு பாடா என்று சிலர் கேட்கலாம். 2014 மே மாதத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று ஒரு ஹெட்டைப் பாழாக்கினால், மற்றொன்றை இன்னொரு பழைய வண்டியிலிருந்துதான் கழற்ற வேண்டும். மேலும், 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்ய 2021இல் விதிகள் வந்துள்ளன. எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் பெரிய மாற்றமின்றி வண்டி அதன் மூலவடிவில் இருத்தல் அவ்விதிகளின் நிபந்தனை.

இதனினும் அரியது ஒன்று நம்மிடம் குறைந்துவருகிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோர் தங்கவயலில் பூமிக்குள் மட்டும் உழைக்கவில்லை. சுரங்கத்தின் பட்டறைகளில் பிட்டராகவும், கடைச்சல்காரராகவும், கொல்லராகவும் அவர்கள் பெயர்பெற்றனர். வெளியூரிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை காத்திராமல், முறிந்ததைச் செம்மைப்படுத்தி எந்திரத்தை ஓடவைத்த கைகள் அவை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அக்கைகளுக்கு உரியவர்களில் பலர் இன்று இல்லை. இருப்போர் முதுமையில் இருக்கின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இருட்டியபின் திரும்புகின்றனர். தாத்தாவின் அருகில் அமர்ந்து கற்க அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உண்டு.

ரயில்வேயில் எழுத்துவேலை பார்க்கும் எனக்கு இக்குறிப்புகளில் பெரும்பகுதியைச் சொல்லித்தந்தவர் அத்தகைய பெரியவர் ஒருவரே. "இரும்புக்கும் நேரம் கொடுக்க வேண்டும், தம்பி, ராத்திரி ஊறினால் காலையில் அதுவே பேசும்" என்பார் அவர். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியைப் பட்டறையில் நின்றால்தான் முற்றும் உணரலாம்.

பேத்தமங்களா அன்பர் தம் ஹெட்டை எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் உள்ள சுரங்கப் பட்டறைப் பெரியவர் ஒருவரிடம் செல்வாராக. செல்லும்போது தம் மகனையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டுகிறேன். ஆணி வெளியே வருவதை அப்பிள்ளை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், அவ்வித்தை நம்மிடையே இன்னும் ஒரு தலைமுறை தங்கும்.

அடுத்த இதழில், கிணற்று நீர் ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டரைத் துப்புரவு செய்யும் முறையைக் காண்போம்.