எவர் சொன்னது? எந்த ஏட்டிலுள்ளது?

மலையகத்திலே தத்தம் குடும்ப வரலாற்றை எழுதப் புகும் இளைஞரிடையே ஒரு போக்குக் காணப்படுகின்றது. "பூட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தார், றொசல்லவிலே பேர் பதிந்தார்" என்றெழுதி முடித்துவிடுவர். சொன்னவர் யார், அவர் கண்டதா கேட்டதா, எப்போது சொன்னார் என்பன எழுதப்படுவதில்லை. வினவினால், "வீட்டுக் கதைக்கு அடிக்குறிப்பு எதற்கு? அது பல்கலைக்கழகத்தார் சடங்கு" என்பது விடை.

இவ்விடை ஏற்கத்தக்கதன்று. சான்று கேட்கப்பட்டபோது இச்சமூகம் பட்டபாடு அத்துணை விரைவில் மறக்கக்கூடியதா? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழியினர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர்க்கு 7 ஆண்டும் ஏனையோர்க்கு 10 ஆண்டும் இடையறாத வதிவைக் கேட்டது. விண்ணப்பிக்க இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. லயத்துக் காம்பராவின் தகரப் பெட்டியில் எது இருந்ததோ, அதுவே பல குடும்பங்களின் விதியாயிற்று.

அதற்காகக் காகிதத்தைக் கண்டதும் கைகூப்புவதும் பிழையே. கங்காணியின் 'துண்டு' ஆளின் கடனைச் சொல்ல எழுந்தது. செக்ரோல் வேலைநாளையும் சம்பளத்தையும் சொல்ல எழுந்தது. ஆளின் ஊரும் உறவும் அவற்றை எழுதியோரின் கவலையல்ல. ஓரேட்டில் முத்துவாகவும் பிறிதோரேட்டில் முத்தையாவாகவும் நிற்பவர் ஒருவரா, இருவரா? எந்தத் தோட்டத்து ஏடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று குறிக்காதவன் இவ்வினாவை எழுப்பவே வழியின்றிச் செய்துவிடுகின்றான். பாட்டியின் சொல் ஏட்டினும் மேலாகும் இடமுண்டு. ஆனால் அது எந்தப் பாட்டி? தாய்வழியா, தந்தைவழியா?

1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இச்சிக்கலை இரட்டித்தது. அண்ணன் றொசல்லவிலும் தம்பி நீலகிரியிலுமாகப் பிரிந்த குடும்பத்திலே, ஒரே கதை இரு கரையிலும் இருவிதமாக வழங்கும். இரண்டையும் கலந்து அழகான ஒரு கதையாக்குவதே இன்று திறமையெனப்படுகின்றது. அது திறமையன்று, சாட்சியை அழித்தல். இரண்டும் சொன்னவர் பெயரோடு அருகருகே நிற்றல் வேண்டும்.

கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. கை மாறுந்தோறும் பழைய செக்ரோல்களுக்குப் பொறுப்பேற்றவர் எவர்? துரைமாருக்குக் கல்லறையுண்டு, கல்லிலே ஆண்டுமுண்டு; தேயிலைக்கிடையே புதைக்கப்பட்டவர்க்கு அதுவுமில்லை. எஞ்சியிருப்பது முதியோர் நாவு. அவர்தம் குரலைக் கைத்தொலைபேசியிற் பதிவோர் இன்று பலர். பதிவின் தொடக்கத்திலே பேசுபவர் பெயர், பிறந்த தோட்டம், டிவிசன், திகதி ஆகியவற்றைச் சொல்ல ஒரு நிமிடமும் செல்லாது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் சடங்கு என்கின்றனர்.