ஒரு நிமிடப் போட்டிக்கு நாற்பது கிலோமீட்டர்

நான் நீந்தக் கற்ற குளத்தில் வலி இரண்டு வகை. நல்ல வலி, சோம்பேறி வலி. பயிற்சியாளர் எதிர்பார்த்த இடத்தில் வலித்தால் நல்ல வலி. அவர் எதிர்பார்க்காத இடத்தில் வலித்தால் சோம்பேறி வலி. பதினான்கு வயதில் என் இடது தோளில் வந்தது இரண்டாவது வகை.

"சார், கையத் தூக்கினா உள்ள குத்துது."

"குத்தத்தான்மா செய்யும். குத்தினாத்தான் தோள் ஏறும்."

தோள் ஏறியது. பதினேழு வயதில் அதைத் திறந்து தைத்தார்கள்.

இது என் சோகக் கதை இல்லை. நீச்சல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு தோள் கதை வைத்திருப்பார்கள். பிரச்சினையே அங்கேதான். இவ்வளவு பேருக்கு நடப்பதை விபத்து என்கிறோம், தியாகம் என்கிறோம், "அவ உடம்புவாகு அப்படி" என்கிறோம். ஒரு பெரியவர் வெள்ளைப் பலகையில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண் அதற்குக் காரணம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த எண்ணைப் பார்ப்போம். எங்களுக்கு வாரம் 40 கிலோமீட்டர். 50 மீட்டர் குளத்தில் ஒரு நீளம் ஃப்ரீஸ்டைல் போக சுமார் 40 கைவீச்சு, ஒரு கைக்கு 20. நாற்பது கிலோமீட்டர் என்றால் 800 நீளம். ஒரு தோளுக்கு வாரம் 16,000 சுற்று. வெறும் காலடிக்கு என்று கால்வாசியைக் கழித்தாலும் 12,000. என் போட்டி 100 மீட்டர் பட்டர்ஃப்ளை. என் நல்ல நாளில் ஒரு நிமிடம் பத்து நொடியில் முடிந்துவிடும்.

தோள் நம் உடம்பில் அதிகமாக அசையும் மூட்டு. அந்தச் சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலை உறுதி. இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து என்றால், தோள் மூட்டு சாஸரில் வைத்த எலுமிச்சம்பழம். பழம் உருண்டு விழாமல் பிடித்துக்கொண்டிருப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சின்னத் தசைகளும், சாஸரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் லேப்ரம் என்ற வளையமும். நீந்தும்போது உடம்பை முன்னே இழுப்பவை நெஞ்சிலும் முதுகிலும் இருக்கும் பெரிய தசைகள். நீந்த நீந்த அவை கொழுக்கும். சின்னத் தசைகளோ ஐந்தாவது கிலோமீட்டரில் களைத்துவிடும். அவை களைத்ததும் பழம் சாஸரில் நகர ஆரம்பிக்கும். அதன்பின் ஒவ்வொரு வீச்சிலும் மேலே இருக்கும் தசைநார் எலும்புக்கடியில் உரசும். வாரத்துக்கு 12,000 முறை.

இதற்கு 'நீச்சல்காரர் தோள்' என்று கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பெயர் வைத்தது 1974ல். அரை நூற்றாண்டு ஆகிறது. 2010ல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல்காரர்களிடம் விசாரித்தது. 73 பேர் தோள் வலிக்கிறது என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர்களில் பத்தில் ஏழு பேருக்குத் தசைநார் கெட்டிருந்தது. வாரம் 15 மணிநேரத்துக்கு மேல் நீந்தியவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. மூட்டு தளர்வாக இருப்பது பெரிய காரணமாகத் தெரியவில்லை, நீந்திய அளவுதான் முதன்மைக் காரணம் என்று அவர்கள் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள். உடம்புவாகாம்!

'தூரம் இல்லாமல் வேகம் வராது' என்பார்கள். சரி, 1500 மீட்டர் நீந்துபவருக்குத் தூரம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2024 ஒலிம்பிக் குளத்தில் நடந்த 14 தனிநபர் போட்டி வகைகளில் 10 வகைகள் 200 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. அமெரிக்க உடலியலாளர் டேவிட் காஸ்டில் கல்லூரி நீச்சல்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு வாரம் தினமும் இருவேளைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். இருமடங்கு நீந்தியவர்கள் கூடுதலாக எதையும் சம்பாதிக்கவில்லை. அந்த ஆய்வு வெளிவந்தது 1991ல். அப்போது நான் பிறக்கவே இல்லை. என் பயிற்சியாளர் பிறந்திருந்தார்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் கிறுக்கும் உண்டு என்று தோன்றுகிறது. 1994ல் குற்றாலீஸ்வரன் சின்னப் பையனாகக் கடல் கடலாகக் கடந்தபோது, தமிழ்நாட்டுப் பெற்றோர் மனதில் நீச்சல் என்றால் தூரம் என்று பதிந்துபோனது. அது அவர் குற்றமில்லை, அவர் நீந்தியது நெடுந்தூர நீச்சல். ஆனால் கேலரியில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இன்றும் "உங்க பொண்ணு எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான் விசாரிக்கிறார்கள். என் அம்மாவும் விசாரித்தவர்தான். பெருமையாகப் பதிலும் சொன்னவர்.

மற்ற விளையாட்டுகளைப் பாருங்கள். அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில் 13 முதல் 16 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக் கூடாது. இங்கிலாந்து கிரிக்கெட்டில் சிறுவயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக ஓவர் வரம்பு இருக்கிறது. ஒரு பந்து வீசுவதும் ஒரு கைவீச்சும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் அங்கே யாரோ எண்ணுகிறார்கள். எண்ணி, "போதும், போய் உட்காரு" என்கிறார்கள். எங்கள் குளத்திலும் எண்ணினார்கள், குறைவாக நீந்தியது யார் என்று கண்டுபிடிக்க.

பெரும்பாலான நீச்சல் தோள்களுக்குக் கத்தி தேவையே இல்லை. ஆரம்பத்திலேயே அளவைக் குறைத்து, அந்தச் சின்னத் தசைகளையும் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளையும் ரப்பர் பட்டை வைத்துப் பலப்படுத்தினால் போதும். நான் மூன்று வருடம் வலி மாத்திரை போட்டேன், ஸ்ப்ரே அடித்தேன். அதனால் எனக்குக் கத்தி.

அறுவை சிகிச்சை என்னவோ சுலபம்தான், தூங்கிவிடுவோம். அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஆறு வாரம் கை ஸ்லிங்கில். படுத்தால் தோள் கழன்றுவிடும்போல இருக்கும், ஆகவே நான்கு தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூக்கம். பின்னல் போட முடியாது. பிராவின் கொக்கியைப் போட முடியாது. பதினேழு வயதில் அதற்கு அம்மாவைக் கூப்பிடுவதில் வரும் எரிச்சல் இருக்கிறதே, அதை எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுத மாட்டார்கள். பிறகு குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டும் பயிற்சி. பிறகு சுவரில் விரல்களைப் பல்லிபோல ஏற்றுவது. பென்சிலால் கோடு போட்டு வைப்போம். ஒரு வாரம் முழுக்கப் போராடினால் கோடு இரண்டு விரல் அளவு ஏறும். சில வாரம் அதுவும் ஏறாது. அந்தச் சுவருக்கு அப்பா இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

பிசியோ அக்கா முதல் நாளே சொன்னார். "வலிச்சா நிறுத்து. நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லு. தாங்கிக்கிட்டேன்னு எங்கிட்ட பெருமையா சொல்லாத." பத்து வருடம் விளையாட்டில் இருந்திருக்கிறேன், ஒரு பெரியவர் என்னிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று அழுதது வலியால் இல்லை.

ஐந்தாவது மாதம் தண்ணீரில் இறங்கினேன், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு வெறும் காலடி. ஒன்பதாவது மாதம் பட்டர்ஃப்ளை. பழைய நேரத்தைவிட நான்கு நொடி கூடுதல். அது குறையவே இல்லை. டென்மார்க்கில் இப்படித் தோளில் ஆர்த்ரோஸ்கோப்பி செய்துகொண்ட நீச்சல்காரர்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2007ல் வந்தது. பதில் சொன்ன 16 பேரில் 9 பேர் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். மிச்சம் ஏழு பேர் வரிசையில் நானும் நின்றுகொள்கிறேன்.

ஆனால் குளத்தின் வாட்ஸாப் குழுவில் என் தழும்பைப் படமெடுத்துப் போட்டார்கள். 'விழுந்தாலும் எழுவோம்' என்று தலைப்பு. கூடவே கைதட்டல், தீ, தங்கப் பதக்கம். அந்தத் தழும்பை உண்டாக்கிய பலகையின் முன்னால் நிற்கவைத்தே படம் எடுத்திருந்தார்கள்.

மீண்டு வந்த கதைமேல் எனக்குக் கோபம் வந்தது அன்றுதான். நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், கழுத்து டிஸ்க் பிரச்சினை இடது கையைப் படுத்திய பிறகும், 2021ல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38ல் நீந்தி ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல்காரர் ஆனார். அசாத்தியமான விஷயம். கிராண்ட் ஹேக்கெட் தோள் அறுவை சிகிச்சையால் 2006 காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டு, 2008 பெய்ஜிங்கில் 1500 மீட்டரில் வெள்ளி வாங்கினார். இவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் காயத்தை முதல் பத்தியிலும் பதக்கத்தைக் கடைசிப் பத்தியிலும் வைத்துவிடுவதால், காயம் பதக்கத்துக்கான முன்பணம் மாதிரி ஆகிவிடுகிறது. படிக்கிற பதினான்கு வயதுப் பிள்ளை வலியை வரவு வைத்துக்கொள்கிறது.

எனக்குப் பிடித்த கதை மிஸ்ஸி ஃப்ராங்க்ளினுடையது. 17 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம், ஒரு வெண்கலம். 2017 தொடக்கத்தில் இரண்டு தோளிலும் அறுவை சிகிச்சை. திரும்பி வந்தார், ஊசி போட்டுக்கொண்டு நீந்தினார், வலி போகவில்லை. இன்னொரு அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை என்ற நிலை வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். 2018 டிசம்பரில் ஓய்வை அறிவித்தபோது வயது 23. நாளைக்குத் தன் பிள்ளைகளை வலியில்லாமல் தூக்க வேண்டும் என்பதைக் காரணமாகச் சொன்னார். இதை ஏன் எந்தக் குளத்தின் சுவரிலும் ஒட்டுவதில்லை?

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு குளத்துக்கு என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். பொண்ணுக்குப் பதினொரு வயசு. பயிற்சியாளர் என்னைவிட இளையவர், அன்பாகப் பேசினார். வாரம் எவ்வளவு என்று கேட்டேன். "சின்னப் பசங்க பேட்ச் முப்பது கிலோமீட்டர் மேடம்" என்றார். அந்த வாரம் தோள் வலி என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்றேன்.

"அதெல்லாம் கேக்கறதில்ல மேடம். கேட்டா எல்லாரும் கை தூக்கிருவாங்க."

அக்கா வெளியே வந்து, "ஆள் நல்லவராத்தான் தெரியறார், சேத்துரலாமா?" என்றார். அந்தப் பெண் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு இரண்டு குளங்களையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒன்றைப் பார்த்தாயிற்று. அங்கே முப்பத்தைந்து.