ஓடுற கோடை ஏன் நோண்டணும்?

ரயில்வேயில் ஓய்வு பெற்ற கிழவனுக்கு லினக்ஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கை பேரன் கம்ப்யூட்டர் படித்தவன். போன ஞாயிறு விழுப்புரம் வந்தவன், காபி குடித்தபடியே புலம்பினான்: “சும்மா பேரை மாத்தி நமக்கு வேலை வைக்கிறாங்க தாத்தா. ஓடுற கோடை ஏன் நோண்டணும்?”

விஷயம் இதுதான். ஒரு ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்பதை லினக்ஸின் மையமான கெர்னல் ‘ஐ-சிடைம்’ என்ற இடத்தில் குறித்து வைக்கும். பல ஃபைல் சிஸ்டங்கள் அதில் நேரடியாகக் கை வைத்து எழுதி வந்தன. 2023-ல் ஜெஃப் லேட்டன் அதை மாற்றினார். 6.6 பதிப்பிலிருந்து படிக்கவும் எழுதவும் தனித்தனி ஃபங்ஷன்கள். அந்தப் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடும் போட்டுவிட்டார். பழையபடி எழுதினால் கம்பைலரே ஏற்காது.

இது வெட்டி வேலையா? நம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் பாதை பிரிகிறது. அவசரம் என்று எவனும் கடப்பாறையால் பாயிண்ட்டைத் தள்ள முடியாது. கையால் திருப்ப கிராங்க் ஹேண்டில் உண்டு. அதன் சாவி வெளியே இருக்கும்வரை அந்தப் பாதைக்கு சிக்னல் கிடைக்காது. அதை வெட்டி வேலை என்று யாராவது சொல்வார்களா?

இங்கேயும் அதே கதைதான். கெர்னல் இந்த நேரத்தைக் குறிக்கும் கடிகாரம் சில மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் நகரும். அதற்குள் இரண்டு தடவை மாறிய ஃபைலுக்கு ஒரே நேரம் விழும். என்.எஃப்.எஸ். வழியாக அதைப் பார்க்கும் வேறு கம்ப்யூட்டர், மாறவில்லை என்று நம்பிப் பழையதையே காட்டக்கூடும். நூறு இடத்தில் நூறு கைகள் எழுதினால் இதை எங்கே போய்த் திருத்துவது?

6.6-க்காகவே ஒரு தீர்வைச் சேர்த்தார்கள். கோளாறு தெரிந்ததும் வெளியீட்டுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ஃபங்ஷன்கள் மட்டும் நின்றன. திருத்திய தீர்வு 2025 ஜனவரியில் 6.13-ல் வந்தபோது அந்த ஃபங்ஷன்களுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

வேகம் குறையும் என்பதும் சரியில்லை. படிக்கும் ஃபங்ஷன் இன்லைன் என்பதால் கம்பைலர் அதை அந்த இடத்திலேயே விரித்துவிடும். கெர்னலுக்கு வெளியே மாட்யூல் எழுதுபவர்களுக்குச் சிரமம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பைல் செய்யும்போது திட்டு வாங்குவது, ஓடும்போது சத்தமில்லாமல் தப்புத் தேதி எழுதுவதைவிட மேல்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். “கிராங்க் ஹேண்டில் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க தாத்தா” என்றான்.