வேலியைப் பிடுங்கச் சொல்பவர்களுக்கு

"வேலிக்குக் காலம் முடிந்துவிட்டது. மாட்டுக்குக் கழுத்துப்பட்டி போதும்." மொன்றியலில் பண்ணை வைக்கும் ஆசையுள்ள தமிழர் நாலு பேர் கூடினால் இந்த வசனம் வந்தே தீரும். நகரத்துக்கு வெளியே காணி பார்ப்பவரும் சொல்கிறார். வன்னியில் தகப்பன் விட்டுப்போன காணியில் மாடு விட நினைப்பவரும் சொல்கிறார். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து ஒரு கோடு கீறினால் மாடு அதைத் தாண்டாது, கட்டை நடவும் வேண்டாம், கம்பி இழுக்கவும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்பதுதான் அவர்களின் முழு வாதமும். வருடக்கணக்காக இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். இதை நம்பி உழைத்த காசைக் கொட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இவர்கள் தூக்கிப் பிடிக்கும் பெரிய அத்தாட்சி சென் செவேர். மொன்றியலுக்கும் கியூபெக் நகரத்துக்கும் இடையில் மொரிசிப் பகுதியிலுள்ள சின்னக் கிராமம் அது. 2022 ஜூலையில் அங்கே இருபது வரையான மாடுகள் பண்ணையை விட்டு ஓடின. மாதக்கணக்காகப் பிடிபடவில்லை. பகலில் காட்டுக்குள் ஒளிந்து நின்று, இருட்டியதும் வயலுக்கு இறங்கி அடுத்தவன் சோளத்தை மேய்ந்தன. சென் தீத் ஊரின் குதிரைவீரர் விழா நாடெங்கும் பெயர் பெற்றது. அந்த விழாக்காரர்கள் குதிரைகளோடும் ட்ரோனோடும் வந்து துரத்திப் பார்த்தார்கள். மாடுகள் சோளத்துக்குள் பாய்ந்து மறைந்தன. செய்தி உலகம் முழுவதும் போனது. "கழுத்துப்பட்டி போட்டிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?" என்று அன்று தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை.

நடந்திருக்கும். ஏனென்று சொல்கிறேன்.

பட்டி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நோர்வேயின் நோஃபென்ஸ் பட்டியை எடுத்துக்கொள்வோம். மாடு கோட்டை எட்டியதும் கழுத்திலிருந்து ஒரு ஓசை எழும். திரும்பாமல் நடக்க நடக்கச் சுருதி ஏறும். மாடு திரும்பாவிட்டால் சின்ன மின் அதிர்ச்சி. மறுபடியும் ஓசை, மறுபடியும் அதிர்ச்சி. மூன்று அதிர்ச்சிக்கும் திரும்பாத மாட்டைப் பட்டி கைவிட்டுவிடும். "தப்பிவிட்டது" என்று சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பிவிட்டு அதிர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மிருகத்தை வதைக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அதன் பொருள் என்ன? அமைதியாக மேய்கிற, பழக்கப்பட்ட மாட்டைத்தான் இது மறிக்கும். இடிக்கோ நாய்க்கோ வெருண்டு ஓடும் மாடு ஓசையைக் கேட்டு யோசித்து நிற்காது. கோட்டைத் தாண்டிய பிறகுதான் மூன்றாவது அதிர்ச்சியே வரும். ஒன்று பாய்ந்தால் மற்றவையும் பின்னால் பாயும். மாடு வளர்த்த வீட்டில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, ஓடிய பிறகாவது உதவியிருக்கும், எங்கே நிற்கின்றன என்று காட்டியிருக்கும் என்பார்கள். சென் செவேரில் மாடு எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. சோளம் பறிகொடுத்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள், ட்ரோன் மேலே நின்று பார்த்தது. கிட்டப் போகத்தான் முடியவில்லை. மனிதரைக் கண்டால் ஓடும் மாட்டின் இருப்பிடம் கைபேசியில் புள்ளியாகத் தெரிவதால் அது ஒரு அடிகூட வீட்டுப்பக்கம் நடக்காது. கடைசியில் எப்படிப் பிடித்தார்கள்? தீனி வைத்து, அடைப்புக் கட்டி, பொறுமையாகக் காத்திருந்து, பனிக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார்கள். அடைப்பு என்றால் கட்டையும் கம்பியும் படலையும்தான். வேலிக்குக் காலம் முடிந்தது என்று சொல்பவர்கள் தங்கள் அத்தாட்சியை இந்த இடம்வரை சொல்லி முடிப்பதே இல்லை.

ஓடிய மாட்டின் கணக்கை யார் தீர்ப்பது? கியூபெக் குடியியல் சட்டத்தின் 1466ஆம் பிரிவில் சந்தேகத்துக்கு இடமில்லை: மாடு வழிதவறியிருந்தாலும் தப்பியோடியிருந்தாலும் அது செய்த சேதத்துக்குச் சொந்தக்காரரே பொறுப்பு. நெடுஞ்சாலைக் கரையில் காணி வாங்கி, ஓசையை மட்டும் நம்பி மாடு விடப் போகிறவர் இந்தப் பிரிவை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

விலையைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. கம்பிக்கு ஒருமுறை காசு. பட்டிக்கு வாங்கும்போதும் காசு, பிறகு சந்தாவும் காசு.

அதிர்ச்சி மின்வேலியைவிட மென்மையானது என்கிறார்கள். இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை.

பட்டி ஆற்றங்கரையைக் காக்கும் என்கிறார்கள். கியூபெக்கில் 2005 முதல் பண்ணை மிருகங்களை ஆற்றிலும் ஏரியிலும் இறங்க விடுவதே தடை, கடந்துபோவதற்கு மட்டும்தான் விலக்கு. மாடு நிற்கும் இடத்தைப் பட்டி செய்மதியை வைத்துத்தான் கணிக்கிறது, மரநிழலில் அந்தக் கணக்குச் சில மீற்றர் பிசகும். அந்தச் சில மீற்றரில்தான் கரை இருக்கிறது.

இனி, "ஆள் வேண்டாம்" என்ற பொய். இதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. வேலை எங்கேயும் போய்விடவில்லை. கட்டை மாற்றிய கை இப்போது பற்றரி மாற்றுகிறது. சில பட்டிகளில் சூரியத் தகடு உண்டு. சேறும் சாணமும் அப்பிக்கொண்டால் துடைக்க வேண்டும். இளம் மாட்டின் கழுத்து மாதத்துக்கு மாதம் தடிக்கும். இறுக்கமாக விட்டால் புண், தளர்வாக விட்டால் உலோகம் தோலில் படாது, அதிர்ச்சியும் போகாது. இலையுதிர்காலத்தில் உரோமம் அடர்ந்தாலும் அதே தொல்லை. பற்றைக்குள் கழன்று விழுந்த பட்டியைத் தேடி நடக்க வேண்டும். கைபேசி அலை கிடைக்காத பள்ளத்தில் புதிய கோடு பட்டிக்குப் போய்ச் சேராது. முதல் சில நாட்கள் உண்மையான வேலிக்குள் வைத்துத்தான் மாட்டுக்கு ஓசையைப் பழக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றரைக் கிலோப் பட்டியை அரைத்தொன் மாட்டின் கழுத்தில் மாட்டவும் கழற்றவும் அதை ஒடுங்கிய பாதைக்குள் ஓட்டித் தலையைப் பூட்ட வேண்டும். அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் வேலி. கன்றுகளுக்கோ பட்டியே இல்லை, அவை எங்கும் போகும். வெளியிலிருந்து வரும் நாயையும் கொயோட்டியையும் எந்த ஓசையும் மறிக்காது. மொன்றியல் மெசொன்னேவ் பூங்காவில் கோடையில் செம்மறி மேய்த்தவர்கள்கூட வேலி போட்டு, பக்கத்தில் ஆளையும் நிறுத்தியே மேய்த்தார்கள்.

"மாட்டுக்குச் சுதந்திரம்" என்று இன்னொரு பேச்சு. கியூபெக்கின் பாற்பண்ணைகளில் பெரும்பாலானவை மாட்டைத் தொழுவத்தில் வரிசையாகக் கட்டி வளர்ப்பவை. பல மாடுகள் புல்தரையில் கால் வைப்பதே இல்லை. 2023இல் திருத்திய கனேடியப் பாற்பசு நடைமுறைக் கோவை, 2027 ஏப்ரல் முதல் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் மாட்டைக் கட்டியே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சுதந்திரம் பேசுபவர் முதலில் அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லட்டும். வெளியே வராத மாட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத வேலி எதற்கு?

பட்டியை நான் குப்பையில் போடச் சொல்லவில்லை. வெளி எல்லையில் நல்ல கம்பி இருந்தால், உள்ளே புல்லைப் பகுதி பகுதியாக மேயவிட அது உதவும். அவ்வளவுதான்.

ஊரில் மாடு விட நினைப்பவருக்கு ஒன்று. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தெருவோரம் போராட உட்கார்ந்தார்கள். அவர்களின் மாடுகள் எல்லை தாண்டிப் போகவில்லை. மேய்ச்சல் தரைக்குள் வேறு ஆட்கள் வந்து உழுதார்கள், மாடுகளைக் கொன்றார்கள். மாட்டின் கழுத்தில் எதைக் கட்டினாலும் நிலத்தைப் பிடிக்க வருபவனை அது மறிக்காது. அவர்கள் கேட்டது அந்தத் தரையை மேய்ச்சல் நிலமென வர்த்தமானியில் எல்லையிட்டு அறிவிக்கச் சொல்லி. இங்கிருந்து பட்டி அனுப்பக் காசு சேர்ப்பவர்கள், அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கட்டும்.