ஆண்டுதோறும் அதே மலை

தைப்பூசம் முடிந்ததும் எடப்பாடி பருவதராஜகுலத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். மலைக்கோயிலில் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள். தாத்தா நடந்த வழியில் பேரன் நடக்கிறான். இந்தப் பயணத்தை எந்த வினாத்தாளால் அளப்பது?

சுற்றுலா ஆய்வு இன்று 'அனுபவம்' என்ற சொல்லைச் சுற்றியே நடப்பதால் கேட்கிறோம். பயணி அசலைத் தேடி வருகிறார், அவருக்கென்று ஒப்பனை செய்த அசலே காட்டப்படுகிறது என்று 1976இல் டீன் மெக்கானல் எழுதினார். பயணியின் பார்வையே சமூகம் பழக்கிவைத்த பார்வை என்று 1990இல் ஜான் அர்ரி காட்டினார். இருவரும் யோசிக்க வைத்தவர்கள். 1998இல் பைனும் கில்மோரும் அனுபவத்தையே சரக்காக விளக்கினார்கள். பிறகு அளவுகோல்கள் பெருகின. 2012இல் கிம், ரிச்சி, மெக்கார்மிக் மூவரும் மறக்க முடியாத பயணத்துக்கு ஏழு கூறுகள் வகுத்தார்கள்: இன்பம், புதுமை, உள்ளூர்ப் பண்பாடு, புத்துணர்ச்சி, அர்த்தமுடைமை, ஈடுபாடு, அறிவு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து உருவாக்கிய கோல் அது. இன்று பல நாடுகளின் ஆய்வேடுகள் அதைக் கையாளுகின்றன.

புதுமை என்ற கூறு நம் ஊருக்குப் பொருந்தவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்கு டெம்போ பிடித்து வரும் குடும்பம் புதிதாக எதையும் தேடவில்லை. காவிரியில் முழுக்கு, கிடாய் வெட்டு, கல் கூட்டி அடுப்பு, போன வருஷம் உட்கார்ந்த அதே மர நிழல். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலை அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கைக்குப் படியிறங்குகிறவரும் அப்படியே. "இது புதிய அனுபவமா?" என்று கேட்டால் ஐந்துக்கு ஒன்றுதான் போடுவார். அந்த ஒன்று அவர் பயணத்தின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும். அது தவறு. திரும்ப வருவதற்காகவே அவர் வருகிறார்.

அர்த்தமுடைமை என்று ஒரு கூறு இருக்கிறதே என்பார்கள். அதன் வாக்கியங்கள் எல்லாம் 'நான்' என்று பேசுகின்றன. நம்மவர் பேச்சில் வருவது 'நாங்க'. இந்த வருஷம் வராமல் போய்விட்ட பாட்டியும் அந்த 'நாங்க'வில் இருக்கிறாள்.

இன்னொரு குறையும் உண்டு. வினாத்தாள் பெரும்பாலும் வருகிறவரைத்தான் கேட்கிறது. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, தம் வாசல் வழியே வண்டிகள் ஏறுவது என்ன அனுபவம்?

சேலம், நாமக்கல் கல்லூரிகளில் சுற்றுலாவை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆடியில் கட்டங்களில் டிக் வாங்கி முடித்தபின் அரை மணி நேரம் அந்த அடுப்பருகே உட்காருங்கள். எத்தனை வருஷமா வர்றீங்க, யாரு கூட்டிட்டு வந்தாங்க என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்ன பேச்சிலேயே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.