நம் குரல் யாருடைய சொத்து?

டாக்டர்கள் சிலர் நோயாளியின் ஃபோன் பேச்சைச் சொல்லாமலே பதிவு செய்கிறார்கள். கேட்டால் 'பாதுகாப்புக்கு' என்கிறார்கள். யாரிடமிருந்து? நம்மிடமிருந்துதான். நோவு தாங்காமல் கூப்பிடுகிறவன் எதிரியாகிவிட்டான்.

மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் 1995இல் சொன்னது. அன்றிலிருந்து இந்தப் பயம் பேசப்படுகிறது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியை அதே தீர்ப்பு வெளியே நிறுத்தியது. நம் சனங்கள் பெரும்பாலும் போய் நிற்பது அங்கேதான். நுகர்வோர் கோர்ட்டுப் படியேற முடியாதவர்களைப் பார்த்தா இவ்வளவு பயம்?

என் அம்மாவுக்குச் சர்க்கரை. தனியார் டாக்டர் ஒருவர் ஃபோனில் மாத்திரையைக் கூட்டிச் சொன்னார். போட்டவள் மயங்கி விழுந்தாள். நியாயம் கேட்கப் போனோம். அவள் குரலையே போட்டுக் காட்டினார். அவள் 'சரிங்கய்யா, சரிங்கய்யா' என்று சொன்ன இடத்தை மட்டும். முழுசாப் போடுங்க என்றேன். "அது எங்க ரெக்கார்டு" என்றார். அம்மா கேட்டாள்: "நான் சீக்குக்குத்தானய்யா பேசுனேன், சாட்சிக்கா பேசுனேன்?"

அந்த 'சரிங்கய்யா' தலைமுறை தலைமுறையாக அடித்துப் பழக்கிய சொல். அதையே சம்மதம் என்று சாட்சியாக்குகிறார்கள்.

நோயாளியே கூப்பிட்டால் ஆலோசனைக்குச் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்கின்றன 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள். ஆலோசனைக்குத் தந்த சம்மதம் குரலை ஒளிந்து பிடிப்பதற்கு எப்படிச் செல்லும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அது சேரிக்கும் சேர்த்துத்தானே? வெள்ளைப்படுவது, கரு கலைந்தது, டிபி, குடி எல்லாம் டாக்டரிடம் மட்டும் சொல்கிற சங்கதிகள். ரெக்கார்டு ஓடுகிறது என்று தெரிந்தால் நம் பெண்கள் வாய் திறப்பார்களா? மறைத்த நோய் ஆளைக் கொல்லும்.

பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'உங்க ஆளுங்களுக்கு எத்தனை தடவ சொன்னாலும் புரியாது' என்கிறார்களே, அதுவும் பதிவாகட்டும். ஆனால் நாம் செல்ஃபோனை எடுத்தால் "ஏய், உள்ள வை" என்று பாய்கிறார்கள். கர்ணம் எழுதிய கணக்கு, போலீஸ் எழுதிய எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி எழுதிய கேஸ் ஷீட் என்று நம்மைப் பற்றிய பதிவெல்லாம் அவர்கள் கையில். இப்போது குரலும் போகிறது.

நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணத்தை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். குரல் ஆவணமென்றால் முழுசாகக் கொடு. ஆவணமில்லை என்றால் அது உன்னிடம் எதற்கு? அழித்துவிடு. பதிவு செய்யுமுன் நமக்குப் புரிகிற தமிழில் சொல். வேண்டாம் என்றாலும் வைத்தியம் பார்.

தோழர்களே, கேட்டும் தராத டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். நகலை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.