கடலில் மூழ்குவோரும் குளத்துப் பயிற்சியும்

வித்தைகள் யாவும் பழக்கத்தினால் நிலைபெறுவன. கற்றது நூலளவில் நின்றுவிடின் ஆபத்துக் காலத்தில் அது கைகொடாது. கடலில் மூழ்குவோர் ஒருவரையொருவர் காக்கும் வித்தைக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கயிற்றின் துணைகொண்டு இறங்கினர். அதன் மறுமுனையைத் தோணியிலிருந்தோன் பற்றியிருந்தான். 1943ஆம் ஆண்டில் கூஸ்தோ, காஞான் என்னும் பிரெஞ்சு நாட்டினர் இருவர், வேண்டுமளவு காற்றளிக்கும் மூச்சுக்கருவியை அமைத்தனர். ஸ்கூபா என வழங்கும் இம்முறையில் மூழ்குவோனுக்குக் கயிறில்லை. உடன்வரும் தோழனே அவனுக்குக் கயிறாவான். அத்தோழன் உதவிசெய்ய அறியாதவனாயின், துணையிருந்தும் பயன் யாது?

அவ்வுதவி எளிதன்று. நீர்மட்டத்தில் அச்சங்கொண்டு தத்தளிப்பவன், அருகில் வந்தவனையே பற்றி அமிழ்த்துவான். ஆதலின் காப்போன் தன் மிதவைச் சட்டையிற் காற்றை நிரப்பிக்கொண்டு, அவனைப் பின்புறமாக அணுகி, காற்றுருளையைப் பற்றி, அவன் சட்டையையும் நிரப்பி, ஈயப் பளுவைக் கழற்றல் வேண்டும். ஆழத்தில் காற்றுத் தீர்ந்தவனுக்குத் தன் மாற்று வாய்க்கருவியை ஈந்து, அவனுடன் மெதுவாக மேலேறல் வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பினும் இருமடங்காம். அங்கிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு ஏறின், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். உணர்விழந்து மூச்சற்றவனையோ மேலே கொணர்ந்து, முகத்தை நீருக்குமேல் நிறுத்தி, வாயில் மூச்சு ஊதிக் கரைசேர்த்தல் வேண்டும். மூச்சற்ற சில நிமிடங்களில் மூளை கெடுமாதலின், முறைகளை நினைவுகூர அப்பொழுது நேரமிராது.

“குளத்து நீர் அசைவற்றது, தெளிந்தது, அங்குப் பழகியவன் அலைகடலில் யாது செய்வான்?” என வினவுவாரும் உளர். அலையையும் நீரோட்டத்தையும் குளம் கற்பியாது என்பது மெய்யே. ஆயினும், பளுக்கச்சையின் கொக்கி இருக்குமிடத்தைக் கை தானே அறியும்வரை பழகுதற்கு நீச்சற்குளமே தக்க இடமாம். ஆங்குப் பிழை நேரின் ஆசிரியர் அருகிலிருப்பர். ஒரே செயலைப் பன்முறை திரும்பச் செய்யலாம். முகக்கவசத்தின் கண்ணாடியை மறைத்துப் பழகின், கலங்கிய கடலுக்கும் கை ஆயத்தமாகும். எனினும் குளமென்று அசட்டை கூடாது. ஓராள் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி ஏறினும் நுரையீரல் ஊறுபடக்கூடும்.

சான்றிதழ் பெற்றவுடன் பயிற்சியைக் கைவிடுவதே பெருந்தீங்கு. பயிலாத திறன் துருவேறும். ஆதலின் மூழ்குவோர் ஆண்டுதோறும் தம் தோழருடன் குளத்திலிறங்கி இவற்றைப் பழகுதல் கடமையாம். நண்பனுடன் கடலில் இறங்குவோன் அவன் உயிரைத் தன் கையில் ஏற்கின்றான். அக்கை பழகிய கையாயிருத்தல் வேண்டாவோ?